உங்களுக்குத் தெரியுமா? நீலக் கல்லுக்குள் ஒரு டிராகன்

இளையோருக்கான டிராகன் கதைகளில் உலகெங்கும் பேர்போன ஆங்கில நாவல் 'எரகான்'. அதைப் பற்றிச் சில துணுக்குகள்:

● இதை எழுதத் தொடங்கியபோது கிறிஸ்டோபர் பாவ்லினிக்கு வயது 15. அமெரிக்காவின் மான்டானா மாநிலத்தில் மலைகளுக்கு நடுவே வீடு. பள்ளிக்கூடம் போகாமல் வீட்டிலும் அஞ்சல்வழியிலும் படித்து, அந்த வயதிலேயே பள்ளிப் படிப்பை முடித்துவிட்டார். கையில் நிறைய நேரம் இருந்தது, எழுத உட்கார்ந்துவிட்டார்.

● பொறி தட்டியது புரூஸ் கோவில் எழுதிய ஒரு சிறுவர் நாவலில். அதில் ஒரு பையனிடம் டிராகன் முட்டை வந்து சேரும். 'சரி, இந்த முட்டை எந்த ஊரிலிருந்து வந்திருக்கும்? வேறு யார் யார் இதைத் தேடுவார்கள்?' என்று யோசித்ததில் பிறந்ததுதான் 'எரகான்'.

● 'டிராகன்' என்பதன் முதல் ஆங்கில எழுத்து 'டி'. அதை எடுத்துவிட்டு, அடுத்த எழுத்தான 'இ'-யைப் போடுங்கள். எரகான்! ஆனால் முதல் வரைவில் நாயகனின் பெயர் வெறும் கெவின்.

● வேட்டைக்குப் போன எரகானுக்கு மலைக்காட்டில் ஒரு நீலக் கல் கிடைக்கிறது. அதைக் கறிக்கடையில் நீட்டி, ஈடாகக் கறி கேட்கிறான். அந்த மலையில் கிடைத்தது என்று கேட்டதுமே கடைக்காரர் முகம் மாறிவிடுகிறது. 'வேண்டாம்' என்று விரட்டிவிடுகிறார். பின்னால் அந்தக் கல் பொரிந்து நீல டிராகன் சபீரா வெளியே வருகிறாள். கடைக்காரர் சரி என்றிருந்தால் கதை அன்றே முடிந்திருக்கும்!

● இந்தக் கதையில் மந்திரம் இலவசம் கிடையாது. ஒரு வேலையைக் கையால் செய்ய எவ்வளவு தெம்பு வேண்டுமோ, மந்திரத்தால் செய்யவும் அவ்வளவு செலவாகும். எரகான் முதன்முதலாக மந்திரம் சொல்லி அம்பு விடுகிறான். எதிரிகள் விழுகிறார்கள், கூடவே இவனும் மயங்கி விழுகிறான்.

● மந்திரத்துக்கென்று இருக்கும் தொன்மொழியில் பொய் சொல்ல முடியாது. ஆனால் இலக்கணப் பிழை விடலாம்! ஒரு கைக்குழந்தையை 'துன்பத்திலிருந்து காக்கப்படுவாயாக' என்று வாழ்த்த நினைத்த எரகான், சொல்லின் ஈற்றில் தவறி, 'துன்பத்திலிருந்து காக்கும் கேடயமாவாயாக' என்ற பொருளில் வாழ்த்திவிடுகிறான். சுற்றியிருப்பவர்களின் வலியெல்லாம் அந்தப் பிஞ்சின் தலையில் இறங்குகிறது. தொடரின் அடுத்த நாவலில்தான் அவனுக்கே இது தெரியவருகிறது.

● மூன்றாம் நாவலின் பெயர் 'பிரிசிங்கர்'. பழைய நார்ஸ் மொழியில் நெருப்பைக் குறிக்கும் சொல் இது. தொன்மொழியின் பல சொற்களுக்கு வேர் அந்த மொழியில்தான்.

● நாவலில் வரும் மூலிகைக்காரி ஏஞ்சலா, பாவ்லினியின் தங்கை ஏஞ்சலாவை வைத்து எழுதப்பட்டவள். பெயரைக்கூட மாற்றவில்லை!

● 2002-இல் புத்தகத்தை வெளியிட்டது வேறு யாருமல்ல, பாவ்லினி குடும்பமே. அட்டைப்படத்தில் சபீராவின் கண்ணை வரைந்ததும் பாவ்லினிதான். பிறகு சிவப்புச் சட்டை, தொளதொள கறுப்புக் கால்சட்டை, தலையில் கறுப்புத் தொப்பி என்று இடைக்கால ஐரோப்பியர் வேடம் கட்டிக்கொண்டு பள்ளி, நூலகம், புத்தகக்கடை என்று 135-க்கும் மேற்பட்ட இடங்களில் பேசினார்.

● மான்டானாவுக்கு வந்திருந்த எழுத்தாளர் கார்ல் ஹையாசனின் வளர்ப்பு மகன் இந்தப் புத்தகத்தைப் படித்துச் சொக்கிப்போனான். ஹையாசன் தன் பதிப்பகமான நாஃபின் காதில் போட்டுவைத்தார். 2003 ஆகஸ்டில் நாஃப் பதிப்பு வந்தது.

● மூன்று பாகம் என்றுதான் திட்டம். கதை அடங்கவில்லை, 2011-இல் நான்காவது பாகத்தோடு முடிந்தது. 2023-இல் அதே உலகத்தில் நடக்கும் 'மர்டாக்' என்ற நாவலை வெளியிட்டார் பாவ்லினி.

● எரகானின் ஊர் இருக்கும் பள்ளத்தாக்கின் பெயர் பாலங்கார். ஜான் ஜூட் பாலன்கார் என்ற ஓவியர்மேல் இருந்த அபிமானத்தில் பாவ்லினி வைத்த பெயர் அது. பிறகு நாஃப் பதிப்புக்கு அட்டைப்படம் வரைய வந்தவர் யார் தெரியுமா? அதே ஓவியர்தான்!