உறங்கா நிலையத்தின் இயந்திரசாலை

விமான நிலையம் என்றவுடன் நம் மனக்கண்முன் தோன்றுவன ஓடுபாதையும், வானூர்தியும், பிரயாணிகள் கூட்டமுமேயாம். அங்குள்ள மண்டபங்களைக் குளிர்விப்பதற்கும் வெப்பமூட்டுவதற்கும் ஒரு புறத்தே ஓயாது உழைக்கும் மத்திய இயந்திரசாலையை நாம் எண்ணுவதில்லை. அது மூப்புற்றால் மாற்றுவது எங்ஙனம்? அமெரிக்காவிலுள்ள லொஸ் ஏஞ்சலிஸ் விமான நிலையத்தைக் கொண்டு இதனை ஈண்டு விளக்குவோம்.

இயந்திரசாலையிற் பொறிகள் நீரைக் குளிரச் செய்கின்றன. அந்நீர் குழாய் வழியே மண்டபந்தோறுஞ் செல்கின்றது. ஆங்கு விசிறிகள் காற்றைக் குளிர்நீர்ச் சுருள்களின்மேற் செலுத்த, காற்றுக் குளிர்ந்து பரவுகின்றது. வெப்பத்தை ஏற்ற நீர் மீண்டும் இயந்திரசாலையை அடைகின்றது. மண்டபந்தோறும் தனிப் பொறி வைப்பதினும் இது சிக்கனமானது. ஆயின் இவ்வோரிடம் பழுதுற்றால் எல்லா மண்டபங்களும் இடர்ப்படும்.

அந்நிலையத்தின் இயந்திரசாலை 1961இல் அமைந்தது. பின்னர் 1984ஆம் ஆண்டு ஒலிம்பிக் போட்டியை ஒட்டிப் பெரியதொரு சர்வதேச மண்டபமும் எழுந்தது. பிரயாணிகள் பெருகப் பெருகச் சுமை ஏறிற்று, பொறிகளும் தேய்ந்தன. நிலையமோ இரவு பகலாக இயங்குவது. ஒரு நாளேனும் மூடிவைத்துத் திருத்துதல் இயலாது.

ஆகவே, 2010ஆம் ஆண்டுக்குப் பின், பழையது உழைத்துக்கொண்டிருக்கவே அதன் அருகிற் புதியதைக் கட்டினர். புதிய பொறிகளைச் சோதித்துத் தேர்ந்த பின்னரே பழையவற்றுக்கு ஓய்வளித்தனர். செலவு ஏறத்தாழ 43 கோடியே 80 இலட்சம் டொலர்.

புதிய சாலையில் இயற்கை வாயுவை எரித்துச் சுழலிகளால் மின்சாரம் பெறுகின்றனர். இத்தகைய சுழலிகளில் எரிபொருளின் ஆற்றலில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கே மின்சாரமாகும். எஞ்சியது வெப்பமாய் வெளியேறும். அவ்வெப்பத்தை வீணே போகவிடாது நீராவி ஆக்கிக்கொள்வதே இங்குள்ள சிறப்பு. குளிர்நீரைச் சேமிக்கும் பெருந் தாங்கியும் உண்டு. மின்சாரத் தேவை குறைந்த இரவிற் குளிர்வித்த நீர், வெயில் மிக்க நண்பகலில் உதவும்.

பழையது முற்றாக விழும்வரை காத்திருந்தால், புதியதைக் கட்ட அவகாசமிராது. பழையது இன்னும் சுமை தாங்கும் காலத்திலேயே பெரும் பொருளைச் செலவிட ஒருவர் துணிதல் வேண்டும். அன்று பலர், 'ஓடுகின்ற பொறியை ஏன் மாற்ற வேண்டும்?' என்று வினவக்கூடும். அவ்வினாவுக்குக் கணக்கோடும் பொறுமையோடும் விடையிறுப்பதும் பொறியியலாளர் கடமையேயாம். பொறியியல் பயிலச் செல்லும் நம் மாணவர் இதனை உளங்கொள்வாராக.