பால்கன் நாடுகள்: அண்டை வீட்டு உறவும் ஐரோப்பிய வாசலும்

1991 ஜூனில் ஸ்லோவேனியாவும் குரோவேசியாவும் விடுதலையை அறிவித்ததோடு தொடங்கிய யூகோஸ்லாவியக் கூட்டாட்சியின் சிதைவு, அடுத்த பத்தாண்டுக் காலம் தென்கிழக்கு ஐரோப்பாவைக் குருதியில் ஆழ்த்தியது. பொஸ்னியப் போரில் மட்டும் ஏறத்தாழ 1,00,000 பேர் மாண்டனர். 1995 ஜூலையில் ஸ்ரெப்ரெனிட்சாவில் 8,000க்கும் மேற்பட்ட பொஸ்னிய முஸ்லிம் ஆண்களும் சிறுவர்களும் கொல்லப்பட்டது இனப்படுகொலையே என்று பன்னாட்டு நீதிமன்றங்கள் தீர்ப்பளித்தன. அந்த ஆண்டின் இறுதியில் டேட்டன் உடன்பாடு பொஸ்னியப் போரையும், 1999இல் நேட்டோவின் தலையீடு கொசோவோப் போரையும் முடிவுக்குக் கொண்டுவந்தன. எனினும் போரை நிறுத்துவது வேறு, பகைத்தவர்கள் மீண்டும் அண்டை நாட்டாராக வாழ்வது வேறு.

இந்த இரண்டாவது பணிக்காக ஐரோப்பிய ஒன்றியம் 1999இல் நிலைப்பு ஒப்பந்தம் என்ற ஏற்பாட்டை முன்னெடுத்தது. 2003 ஜூனில் கிரேக்க நகரான தெசலோனிகியில் கூடிய மாநாட்டில், மேற்கு பால்கன் நாடுகளின் எதிர்காலம் ஒன்றியத்துக்குள்ளேயே இருக்கிறது என்று வெளிப்படையாக உறுதியளித்தது. அந்த வாசலைக் கடக்க விதிக்கப்பட்ட நிபந்தனைகளுள் இரண்டு முதன்மையானவை: போர்க் குற்றவாளிகளை விசாரித்த ஹேக் தீர்ப்பாயத்துடன் ஒத்துழைப்பது ஒன்று, அண்டை நாடுகளுடன் இணைந்து செயல்படுவது மற்றொன்று. இந்நிபந்தனைகள் வெற்றுச் சொற்களாக இருக்கவில்லை. பொஸ்னிய செர்பியப் படைத் தளபதி ராட்கோ மிலாடிச்சை 2011 மே மாதத்தில் செர்பியா கைது செய்து ஒப்படைத்தது. அடுத்த ஆண்டு மார்ச்சில் அந்நாட்டுக்கு ஒன்றியத்தின் வேட்பாளர் தகுதி கிடைத்தது.

ஒத்துழைப்பு நடைமுறையில் எப்படி வேரூன்றியது என்பதற்கு சாவா ஆறு சிறந்த சான்று. லுப்லியானா, சாக்ரெப், பெல்கிரேடு ஆகிய மூன்று தலைநகரங்களைத் தொட்டுச் சென்று தன்யூப் ஆற்றில் கலக்கும் சாவா, யூகோஸ்லாவியா நிலைத்திருந்தவரை ஒரே நாட்டின் உள்நாட்டு ஆறாக இருந்தது. கூட்டாட்சி உடைந்தபின் அது பல நாடுகளுக்குப் பொதுவான ஆறாக மாறி, குரோவேசியாவுக்கும் பொஸ்னியாவுக்கும் இடையே நீண்ட தொலைவுக்கு எல்லையாகவும் ஆயிற்று. ஸ்லோவேனியா, குரோவேசியா, பொஸ்னியா ஹெர்சகோவினா, அன்றைய யூகோஸ்லாவியக் கூட்டுக் குடியரசு ஆகிய நான்கும் 2002 டிசம்பரில் சாவா படுகை உடன்பாட்டில் கையெழுத்திட்டு, கப்பல் போக்குவரத்தையும் நீர் மேலாண்மையையும் வெள்ளத் தடுப்பையும் கவனிக்கச் சாக்ரெபில் ஓர் ஆணையத்தை நிறுவின. 2014 மே மாதப் பெருவெள்ளம் கரைகளை உடைத்ததோடு, போர்க்காலத்தில் புதைக்கப்பட்ட கண்ணிவெடிகளையும் பெயர்த்தெடுத்தபோது, நீருக்கு எல்லை தெரியாது என்பது அனைவருக்கும் விளங்கியது. 2018இல் படுகை நாடுகள் கூட்டாக வெள்ள முன்னறிவிப்பு அமைப்பை இயக்கத் தொடங்கின.

இதே வழியில் 2005இல் ஏதென்சில் கையெழுத்தான ஆற்றல் சமூக உடன்பாடு, ஒன்றியத்தின் மின்சார, எரிவாயுச் சட்டங்களை உறுப்பினராகாத நாடுகளுக்கும் விரிவுபடுத்தியது. 2008 முதல் சரயேவோவில் இயங்கும் வட்டார ஒத்துழைப்பு மன்றம் இம்முயற்சிகளை ஒருங்கிணைக்கிறது. 2021 ஜூலையிலிருந்து மேற்கு பால்கனின் ஆறு தரப்புகளுக்கிடையே கைப்பேசிக்கான ரோமிங் கட்டணம் நீக்கப்பட்டது. எல்லைக்கு அப்பாலுள்ள உறவினரைக் காணச் செல்லும் எளிய மனிதருக்கு, மாநாட்டுத் தீர்மானங்களைவிட இத்தகைய மாற்றங்களே ஒத்துழைப்பின் பயனை உணர்த்துகின்றன.

ஆயினும் அரசுரிமை பற்றிய தீராத வழக்குகள் ஒவ்வொரு அடியிலும் குறுக்கிடுகின்றன. 2008இல் செர்பியாவிலிருந்து விடுதலையை அறிவித்த கொசோவோவைச் செர்பியா மட்டுமல்ல, ஸ்பெயின், கிரேக்கம், சைப்ரஸ், ருமேனியா, ஸ்லோவாக்கியா ஆகிய ஐந்து ஒன்றிய உறுப்பு நாடுகளும் தனி நாடாக ஏற்கவில்லை. ஆகவே வட்டாரக் கூட்டங்களில் அதன் பெயருடன் நட்சத்திரக் குறியிட்டு அடிக்குறிப்பு சேர்ப்பதற்கே 2012இல் தனியாக ஓர் உடன்பாடு தேவைப்பட்டது. 2005இலேயே வேட்பாளரான மாசிடோனியா, தன் பெயர் குறித்த கிரேக்கத்தின் எதிர்ப்பைத் தீர்க்க 2018இல் பிரெஸ்பா உடன்பாட்டை ஏற்று, அடுத்த ஆண்டு வடக்கு மாசிடோனியா எனத் தன் பெயரையே மாற்றிக்கொண்டது. இருந்தும் 2020இல் பல்கேரியா தன் தடையுரிமையைப் பயன்படுத்தியதால், இணைவுப் பேச்சு 2022 ஜூலையில்தான் தொடங்கியது.

கடினமான விட்டுக்கொடுத்தலைச் செய்த நாடே காத்திருக்க வைக்கப்படும்போது, அதைக் காணும் ஏனைய நாடுகளின் சீர்திருத்தவாதிகள் சொந்த மக்களிடமே செல்வாக்கை இழக்கிறார்கள். பழைய பகையை வைத்து வாக்குச் சேர்ப்போர் வலுப்பெறுகிறார்கள். 2013 ஜூலையில் குரோவேசியா ஒன்றியத்தில் சேர்ந்தது, விதிகளை நிறைவேற்றினால் வாசல் திறக்கும் என்பதற்குச் சான்றாக நின்றது. அச்சான்று மற்றவர்களுக்கும் மெய்ப்பட வேண்டும். அண்டை நாடுகளின் ஒத்துழைப்பு ஒன்றிய உறுப்புரிமைக்கு மாற்றாக நீட்டப்படும் ஆறுதல் பரிசாக இருக்கலாகாது, அதற்கு இட்டுச்செல்லும் பாதையாகவே இருக்க வேண்டும். பால்கன் நாடுகள் தம் தலைவர்களின் வெறுப்பரசியலைக் கைவிடுவதும், ஐரோப்பா 2003இல் கொடுத்த வாக்கைக் காப்பதும் ஒருசேர நிகழ்ந்தாலன்றி அங்கே அமைதி முழுமை பெறாது.