மார்க் குறைந்தால் யாரிடம் போவது?

ரிசல்ட் வந்த அன்று சாப்பிடாமல் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொள்ளும் பிள்ளைகள் காரியாபட்டிப் பக்கத்து ஊர்களில் நிறைய உண்டு. மானாவாரிப் பருத்திக்கும் மல்லிக்கும் மழை வருமா என்று பார்த்துக்கொண்டிருக்கும் அப்பாவிடம் "அரியர்" என்று எப்படிச் சொல்வது? வீட்டிலேயே முதன்முதலாகக் கல்லூரிக்குப் போனவர் நீங்கள் என்றால் விவரம் கேட்கவும் ஆள் இருக்காது. உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் என்ன செய்ய வேண்டும்? மறுமதிப்பீட்டுக்கு (விடைத்தாளை வேறொரு ஆசிரியர் மறுபடி திருத்துவது) கடைசித் தேதி எது என்று பாருங்கள். ரிசல்ட்டோடு அல்லது அடுத்த சில நாட்களில் அறிவித்துவிடுவார்கள். அவகாசம் மிகவும் குறைவு. நல்ல காரணம் இருந்தும், தேதியை விட்டதால் மட்டுமே தோற்றவர்கள் அதிகம்.

யாரிடம் விண்ணப்பிப்பது? இதில்தான் பலர் தடுமாறுகிறார்கள். அருப்புக்கோட்டையின் கலைக் கல்லூரிகள் மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தோடும், புல்லூரில் உள்ள சேது பொறியியல் கல்லூரி அண்ணா பல்கலைக்கழகத்தோடும் இணைந்தவை. ஆனால் தன்னாட்சி பெற்ற கல்லூரி (தேர்வைத் தானே நடத்திக்கொள்ளும் கல்லூரி) என்றால் விண்ணப்பம் கல்லூரித் தேர்வு அலுவலகத்துக்குப் போக வேண்டும். உங்கள் ஹால் டிக்கெட்டில் எந்தத் தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலரின் கையெழுத்து இருக்கிறது என்று பாருங்கள். பல்கலைக்கழகத்துடையது என்றால் மட்டுமே பல்கலைக்கழகம் வரை போகும் அலைச்சல். அதையும்கூடப் பெரும்பாலும் கல்லூரி அலுவலகம் வழியாகவே முடித்துவிடலாம்.

விடைத்தாளைக் கண்ணால் பார்க்க முடியுமா? முடியும். நகல் கேட்கும் வசதி இருந்தால் அதை முதலில் வாங்குங்கள். திருத்தாமல் விட்ட பக்கம், கூட்டலில் விட்டுப்போன மார்க், சேர்த்துக் கட்டிய கூடுதல் தாள் என்று ஒவ்வொன்றாகச் சரிபாருங்கள். அந்தப் பாடம் தெரிந்த ஆசிரியர் ஒருவரிடம் காட்டி, "மார்க் கூட வாய்ப்பு இருக்கிறதா?" என்று நேராகக் கேளுங்கள். இல்லை என்று அவர் சொன்னால் மறுமதிப்பீட்டுப் பணத்தை மிச்சப்படுத்தி, அடுத்த தேர்வுக்குப் படிப்பதே நல்லது.

தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்கலாமா? தன் விடைத்தாளைப் பார்க்கத் தேர்வு எழுதியவருக்கு உரிமை உண்டு என்று உச்ச நீதிமன்றம் 2011 ஆகஸ்டில் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. தேர்வை நடத்தியது அரசுப் பல்கலைக்கழகம் என்றால் 10 ரூபாய் கட்டணத்தோடு மனுப் போடலாம். ஆனால் பதில் தர அவர்களுக்கு 30 நாள் அவகாசம் உண்டு, மறுமதிப்பீட்டுத் தேதி அதுவரை காத்திருக்காது. ஆகவே அவசரத்துக்கு இது உதவாது. பின்னால் புகார் கொடுக்க ஆதாரம் வேண்டும் என்றால் உதவும்.

இன்டர்னல் மார்க்கில் தகராறு என்றால்? மறுமதிப்பீடு என்ற வழி இதற்குக் கிடையாது. முதலில் பாட ஆசிரியரைத் தனியாகப் பாருங்கள். பாதிப் பிரச்சினை அங்கேயே தீர்ந்துவிடும். பட்டியலில் ஏற்றும்போது எண் மாறிப்போவது சாதாரணமாக நடப்பதுதான். தீரவில்லை என்றால் துறைத் தலைவர், பிறகு முதல்வர். இங்கே வாயால் சொல்லி நிறுத்தாதீர்கள், எழுதிக் கொடுங்கள்.

என்ன எழுதுவது? நடந்ததை மட்டும். "இரண்டாம் உள்தேர்வு விடைத்தாளில் எனக்கு 41 மார்க் போட்டிருக்கிறது. பட்டியலில் 14 என்று இருக்கிறது. விடைத்தாள் நகல் இணைத்திருக்கிறேன். திருத்தித் தர வேண்டுகிறேன்." இவ்வளவு போதும். ஆசிரியரின் குணத்தைப் பற்றி ஒரு வரிகூட வேண்டாம். இரண்டு பிரதி எடுத்து, ஒன்றில் பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்தும் தேதியும் வாங்குங்கள். தர மறுத்தால் காரியாபட்டி தபால் நிலையத்தில் ஸ்பீட் போஸ்ட் போட்டு ரசீதைப் பத்திரப்படுத்துங்கள்.

அதற்கும் பதில் இல்லையா? பல்கலைக்கழக மானியக் குழுவின் 2023 ஒழுங்குமுறைப்படி ஒவ்வொரு கல்லூரியிலும் மாணவர் குறைதீர்க்கும் குழு இருக்க வேண்டும். புகார் கிடைத்த 15 வேலை நாட்களுக்குள் அது அறிக்கை தர வேண்டும். முடிவு திருப்தியில்லை என்றால் 15 நாட்களுக்குள் பல்கலைக்கழகத்தின் குறைதீர்ப்பாளரிடம் (கல்லூரிக்கு வெளியிலிருந்து அமர்த்தப்படும் நடுவர்) மேல்முறையீடு செய்யலாம். ஒன்றை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்: "இன்னும் மார்க் போட்டிருக்கலாம்" என்று மட்டும் சொன்னால் அவர் மனுவை எடுக்க மாட்டார். முடிவையே மாற்றிய முறைகேட்டையோ பாகுபாட்டையோ குறிப்பிட்டுக் காட்ட வேண்டும். மேலே சொன்ன கையெழுத்தும் ரசீதும் அப்போதுதான் கை கொடுக்கும்.

காப்பி அடித்ததாகப் பிடித்துவிட்டார்களா? குற்றச்சாட்டு என்ன என்று எழுத்தில் கேளுங்கள். உங்கள் தரப்பைக் கேட்காமல் தண்டிப்பது முறையல்ல. பயத்தில், படிக்காமல் எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள். வெற்றுத்தாளில் போடவே கூடாது. செய்தது உண்மை என்றால் ஒப்புக்கொண்டு, இது முதல் தடவை என்று எழுதிக் கொடுங்கள். பொய்யின் மேல் பொய் சேர்த்தால் தண்டனைதான் கூடும்.

கல்லூரியை விட்டு விலகினால் ஒரிஜினல் சான்றிதழைத் தருவார்களா? தர வேண்டும். அசல் சான்றிதழ்களைக் கல்லூரி பிடித்து வைத்துக்கொள்ளக் கூடாது என்பது மானியக் குழுவின் உத்தரவு. இதற்கும் குறைதீர்க்கும் குழுவிடம் போகலாம்.

ஆசிரியர் மேல் புகார் கொடுப்பது மரியாதைக் குறைவா? இந்தக் கேள்வியை எத்தனையோ மாணவிகள் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். 2018இல் அருப்புக்கோட்டைக் கல்லூரி ஒன்றின் உதவிப் பேராசிரியை, மார்க்கும் பணமும் கிடைக்கும் என்று ஆசை காட்டி மாணவிகளைத் தவறான வழிக்கு அழைத்தார். அந்த மாணவிகள் முடியாது என்றார்கள். பேசியதைப் பதிவு செய்தார்கள், புகார் கொடுத்தார்கள். 2024இல் ஸ்ரீவில்லிபுத்தூர் நீதிமன்றம் அந்தப் பேராசிரியைக்கு 10 ஆண்டு சிறைத் தண்டனை விதித்தது. நம் மண்ணின் பிள்ளைகள்தான் அவர்கள். அவர்கள் செய்ததில் எந்த மரியாதைக் குறைவும் எனக்குத் தெரியவில்லை.

மார்க்கைக் காட்டி யாராவது உங்களை வேறு எதற்கு அழைத்தாலும், அதைக் கல்லூரியின் உள்ளகப் புகார்க் குழுவிடம் (பாலியல் தொல்லையை விசாரிக்கும் குழு) கொண்டு போங்கள். 181 என்ற பெண்கள் உதவி எண் இருக்கிறது. வக்கீல் வைக்க வசதியில்லை என்று தயங்க வேண்டாம். பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் வருமானம் பார்க்காமல் இலவசச் சட்ட உதவி உண்டு, எண் 15100.

பழிவாங்கினால் என்ன செய்வது? அந்தப் பயம் நியாயமானது. ஒரே குறை நான்கைந்து பேருக்கு இருந்தால் சேர்ந்து கையெழுத்துப் போடுங்கள். அதன்பின் வரும் உள்தேர்வுத் தாள்கள், ரெக்கார்டு நோட்டு எல்லாவற்றையும் போட்டோ எடுத்து வையுங்கள்.

இரவில் தூக்கம் வரவில்லை, வாழவே பிடிக்கவில்லை என்று தோன்றுகிறதா? மனநல உதவி எண்ணான 14416க்குக் கூப்பிடுங்கள். 24 மணி நேரமும் எடுப்பார்கள், கட்டணம் இல்லை, தமிழிலேயே பேசலாம்.

அப்பாவிடம் எப்படிச் சொல்வது? செய்ய வேண்டியதையும் சேர்த்தே சொல்லுங்கள். "ஒரு பேப்பர் போச்சுப்பா. திருத்துனதுல தப்பு இருக்குற மாதிரி தெரியுது. வெள்ளிக்கிழமைக்குள்ள பணம் கட்டணும்." அவருக்குச் செமஸ்டர் முறை புரியாமல் போகலாம். வெள்ளிக்கிழமைக்குள் பணம் கட்ட வேண்டும் என்பது நன்றாகவே புரியும்.