மொத்தக் கோப்பு நீக்கம்

மொத்தக் கோப்பு நீக்கம் என்பது மேகச் சேமிப்பகத்திலுள்ள பல கோப்புகளை ஒரே கோரிக்கையில் அழிக்கும் முறையாகும். அமேசான் எஸ்3 சேவையில் 2011 முதல் இவ்வசதி உள்ளது. ஒரு கோரிக்கையில் 1,000 கோப்புகள் வரை நீக்கலாம். ஆம்பூர்த் தோல் தொழிற்சாலை ஒன்று, வேலையை விட்டுச் சென்றவர்களின் 2,500 ஆதார் நகல்களை அழிப்பதாகக் கொண்டால் மூன்று கோரிக்கைகள் தேவை.

பலர் தவறுவது மறுமொழியைப் படிப்பதில்தான். 200 என்ற நிலைக்குறியீடு வந்தாலும் எல்லாக் கோப்புகளும் அழிந்தன என்று பொருளல்ல. நீங்கியவை, பிழையுற்றவை என இரு பட்டியல்கள் உள்ளே இருக்கும். அனுமதி மறுக்கப்பட்டதை அப்படியே மீண்டும் அனுப்புவது வீண். சேவையகத்தின் உட்பிழையால் நின்றதைச் சற்றுப் பொறுத்து அனுப்பலாம். இன்னொரு சிக்கல்: இல்லாத பெயரைக் கொடுத்தாலும் நீக்கப்பட்டதாகவே மறுமொழி வரும். பெயரில் ஓர் எழுத்து பிசகினால் உண்மையான ஆதார் நகல் அங்கேயே கிடக்கும். பதிப்புக் காப்பு இயங்கும் சேமிப்பகத்தில், பதிப்பு எண் குறிப்பிடாவிட்டால், நீக்கக் குறி மட்டுமே இடப்படும். பழைய பதிப்பும் அதற்கான கட்டணமும் தொடரும்.