கோயில் இல்லாத ஊரில் இறங்கியவர்கள்

‘கோயில் இல்லா ஊரில் குடியிருக்க வேண்டாம்’ என்று சொல்லிவைத்தவர்கள் கப்பல் ஏறாதவர்கள் போலிருக்கிறது. பிழைப்புக்குப் போகிறவனுக்கு ஊரைத் தேர்ந்தெடுக்கும் வசதி எங்கே? கூலி கிடைக்கிற இடம்தான் ஊர். அங்கே கோயிலும் இருக்காது, குளமும் இருக்காது, பேர் சொல்லிக் கூப்பிட ஆளும் இருக்காது. அப்படிப்பட்ட இடத்துக்குச் சாமி எப்படி வந்து சேர்கிறது? ‘மனசில் பக்தி இருந்தால் போதும், தானாக வரும்’ என்று ஒரு பதில் உண்டு. எனக்கு அதில் அவ்வளவு நம்பிக்கை இல்லை. டீயை எடுத்துக்கொள்ளுங்கள், சிங்கப்பூர்க் கதை ஒன்று சொல்கிறேன். பக்திக் கதை என்று எதிர்பார்க்க வேண்டாம். பாதிக்கு மேல் மனை விவகாரம்தான்.

1819 மே மாதம் கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ராஃபிள்ஸ் இரண்டாம் முறையாகச் சிங்கப்பூர் வந்தபோது, ‘இந்தியானா’ கப்பலில் பினாங்கிலிருந்து கூடவே வந்தவர் நாராயண பிள்ளை. இறங்கியதும் அவர் கோயில் கட்டவில்லை. செங்கல் சூளை போட்டார். புது ஊர், எல்லாரும் வீடு கட்டுவார்கள், செங்கல் விற்கும். சரியான கணக்கு. பினாங்குக்குச் சொல்லியனுப்பிக் கொத்தனார்களையும் தச்சர்களையும் வரவழைத்தார். அப்புறம் துணி வியாபாரத்தில் இறங்கினார். 1822-இல் கடை தீப்பிடித்து எரிந்து கடனாளியானார். ராஃபிள்ஸிடம் போய் நின்று வேறு இடம் வாங்கி, மறுபடி தலையெடுத்தார்.

இத்தனை இழுபறிக்கும் நடுவில்தான் மாரியம்மன் கோயிலுக்கும் இடம் தேடிக்கொண்டிருந்தார். முதலில் அரசாங்கம் ஒதுக்கியது கடற்கரையோரம் தெலுக் ஆயர் தெருவில். அங்கே நல்ல தண்ணீர் இல்லை என்று அந்த இடம் கைவிடப்பட்டது. கோயில் காரியம் தெரியாதவர்களுக்கு இது வேடிக்கையாகத் தோன்றலாம். அபிஷேகத்துக்குத் தண்ணீர், மடைப்பள்ளிக்குத் தண்ணீர், பாத்திரம் தேய்க்க, தரை கழுவ, வருகிறவர்கள் கால் கழுவ என்று விடிந்தது முதல் நடை சாத்தும்வரை கோயிலுக்குத் தண்ணீர் வேண்டும். உப்புத் தண்ணீரை வைத்துக்கொண்டு அம்மனுக்கு என்ன செய்ய முடியும்? அடுத்ததாக ஸ்டாம்ஃபோர்டு கால்வாய்ப் பக்கம் ஓர் இடம். 1822-இல் போட்ட நகரத் திட்டம் அதற்கு ஒத்துவரவில்லை. கடைசியில் 1823-இல் சவுத் பிரிட்ஜ் சாலையில் இடம் அமைந்தது. அதற்கப்புறமும் நாலு வருஷம் போய், 1827-இல்தான் கோயில் எழும்பியது. அதுவும் மரமும் அத்தாப்பு ஓலையும் வைத்த கொட்டகை. ஊருக்கெல்லாம் செங்கல் விற்றவர் அம்மனுக்குக் கட்டியது ஓலைக் கொட்டகை! இன்றைக்கு அங்கே நிற்கும் செங்கல் கட்டுமானத்தில் மிகப் பழைய பகுதி 1843-ஐச் சேர்ந்தது. நாராயண பிள்ளை வைத்த சின்ன அம்மன் இன்றும் கருவறையில் இருக்கிறாள்.

மாரியம்மன்தான் வரவேண்டும் என்பதற்கும் காரணம் உண்டு. அந்தக் கோயிலை நாடி வந்தவர்களில் பெரும்பாலோர் நாகப்பட்டினம், கடலூர்ப் பக்கத்துக்காரர்கள். அம்மைக்கும் காய்ச்சலுக்கும் அவளைத்தான் கூப்பிட்டுப் பழகியவர்கள். சுற்றிலும் காடும் சதுப்பும், தினம் ஒரு காய்ச்சல் என்று இருந்த தீவில் அவர்களுக்கு வேறு யாரைத் தெரியும்?

ஆனால் அந்தக் கொட்டகையின் பெரிய வேலை பூஜை மட்டும் அல்ல என்று நினைக்கிறேன். கப்பலிலிருந்து இறங்கியவர்கள் வேலையும் தங்க இடமும் கிடைக்கும்வரை அங்கேதான் படுத்துக்கொண்டார்கள். அந்தக் காலத்தில் சிங்கப்பூரில் இந்துத் திருமணம் நடத்திவைக்க அதிகாரம் பெற்றிருந்ததும் அந்தக் கோயில்தான். பாய் விரிக்கத் திண்ணை கொடுத்த இடத்திலேயே ஒருவன் தாலியும் கட்டினான் என்றால், அவனுக்கு அது தரிசனத்துக்கு மட்டும் போய்வரும் இடமாகவா இருந்திருக்கும்? (கோயிலை ஒட்டிய தெருவுக்கு இன்றும் ‘பகோடா ஸ்ட்ரீட்’ என்று பெயர். நம் கோபுரத்தைப் பார்த்து வைத்த பெயர்தான். டீக்கடைப் பகோடாவுக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை.)

இது இந்துக்கள் சங்கதி மட்டும் என்று நினைத்துவிடாதீர்கள். அதே சாலையில், கூப்பிடு தூரத்தில், சோழமண்டலக் கரையிலிருந்து போன சூலியா முஸ்லிம்கள் 1826-லேயே ஜாமியா பள்ளிவாசலை அமைத்துவிட்டார்கள். தெலுக் ஆயர் தெருவில் 1828-க்கும் 1830-க்கும் இடையில் நாகூர் தர்கா ஒன்றும் வந்தது. அந்தத் தர்காவுக்குரிய ஷாகுல் ஹமீது ஆண்டவர் அடங்கியிருப்பது நாகூரில். அதற்கென்ன? பத்திரமாகக் கரை சேர்ந்ததற்கு நன்றி சொல்ல நாகூருக்குத் திரும்பிப் போகவா முடியும்? அன்றைக்குக் கடல் அந்தத் தெருவரை இருந்தது. அதே தெருவில் ஹொக்கியன் சீனர்கள் தங்கள் கடல் தேவதை மாசூவுக்குக் கோயில் எழுப்பி 1842-இல் முடித்தார்கள். நேர்ச்சை எல்லாக் கப்பல்காரர்களுக்கும் பொது.

இனி செட்டியார்கள். அவர்கள் குடியேறப் போனவர்களே அல்ல. மனைவி மக்களைச் செட்டிநாட்டில் விட்டுவிட்டு, ஏறக்குறைய மூன்று வருஷக் கணக்குக்குப் போய்த் திரும்புகிறவர்கள். சிங்கப்பூர் மார்க்கெட் தெருவில் அவர்களுடைய கிட்டங்கிகள் இருந்தன. நீளக் கூடம், வரிசையாக மரப்பெட்டிகள், ஒவ்வொன்றும் ஒரு தொழில் நிலையம். பகலில் பெட்டிக்கு முன்னால் சம்மணமிட்டுக் கடன் கொடுப்பார்கள், ராத்திரி அங்கேயே முடங்குவார்கள். இப்படி ஒண்டிக்கொண்டு கிடந்தவர்கள்தான் 1859-இல் டாங்க் சாலையில் தெண்டாயுதபாணிக்குக் கோயில் எழுப்பினார்கள். தொழிலில் சாமிக்கென்று மகமை எடுத்து வைப்பது அவர்கள் வழக்கம். பேரேட்டில் முருகனுக்கும் பற்றுவரவு உண்டு. சாமி பணமும் வட்டிக்குப் போய் வட்டியோடு திரும்பும்.

வட்டிக் கடையில் முருகனுக்கு என்ன வேலை என்று சிரிப்பவர்கள் உண்டு. நான் சிரிக்கமாட்டேன். அறிமுகமில்லாத ஊரில் ஒருவனுடைய வாக்கை எதை வைத்து நம்புவது? மகமை தராதவன், கணக்கில் தில்லுமுல்லு செய்தவன், தைப்பூசத்தன்று எந்த முகத்தோடு பங்காளிகள் மத்தியில் நிற்பான்? வேல் மேல் வைத்த பயபக்தியும் பேரேட்டில் இருந்த நாணயமும் ஒரே சரக்குதான்.

இவர்கள் யாரும் முதலில் மனநிம்மதி தேடிப் போகவில்லை. மனை கேட்டார்கள், கிணறு பார்த்தார்கள், மகமை கட்டினார்கள். மற்றதெல்லாம் அந்த வேலைகளுக்குப் பின்னால் வந்தது. ஓசூருக்கோ துபாய்க்கோ டொரண்டோவுக்கோ போன நம் பிள்ளைகள் ‘இங்கே கோயிலுக்குப் போனால் ஒட்டவே மாட்டேன் என்கிறது, நம்ம ஊர் மாதிரி இல்லை’ என்று போனில் சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். எப்படி ஒட்டும்? செருப்பைக் கழற்றி, ஒரு சுற்றுச் சுற்றி, புளியோதரை வாங்கிக்கொண்டு கிளம்பினால் நீங்கள் அங்கே விருந்தாளி. சாமி நம்பிக்கை இல்லாதவர்களுக்கும் இதே கதைதான். அவர்களுக்குத் தமிழ்ச் சங்கமோ கிரிக்கெட் குழுவோ இருக்கும்.

அடுத்த முறை கோயிலுக்குப் போகும்போது அன்னதானப் பொறுப்பாளரைத் தேடிப் பிடியுங்கள். காய் நறுக்க ஆள் வேண்டுமா என்று கேளுங்கள். எந்த ஊரிலும் வேண்டாம் என்று சொல்லமாட்டார்கள்.