உங்களுக்குத் தெரியுமா? காற்றே நொதிக்கவைக்கும் பீர்

பெல்ஜியத்தின் பிரசெல்ஸ் நகரில் 1900ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட கான்டியோன் என்னும் சிறு குடும்ப ஆலையில், முளைகட்டிய பார்லியும் முளைகட்டாத கோதுமையும் சேர்த்துக் காய்ச்சிய வடிநீர், குளிர்கால இரவுகளில் கூரையடியிலுள்ள அகன்ற செம்புத் தொட்டியில் திறந்தபடியே ஆறவிடப்படுகிறது. ஈஸ்ட் எதுவும் தனியே சேர்க்கப்படாமல், காற்றிலும் ஆலையின் மரத்திலும் வாழும் காட்டு நுண்ணுயிர்களே அதை நொதிக்கச் செய்வதால் உருவாகும் இப்பீர் 'லாம்பிக்' எனப்படுகிறது. மரப்பீப்பாய்களில் ஓராண்டு, ஈராண்டு, மூவாண்டு கிடந்த லாம்பிக்குகளைக் கலந்து, புட்டியில் மீண்டும் நொதிக்கவிட்டுப் பெறப்படும் 'கூஸ்', நுரைத்துப் பொங்கினாலும், பழக்காடியை நினைவூட்டும் கூரிய புளிப்போடும் குதிரைக் கொட்டில் வாடையோடும் நாவில் இறங்குவதால், வழக்கமான பீரை எதிர்பார்த்துச் சுவைப்பவர் முதல் மிடறிலேயே முகஞ்சுளிப்பது இயல்பே. பீப்பாய்களுக்கிடையே படர்ந்த சிலந்திவலைகளை ஆலையினர் கலைப்பதில்லை. பழ ஈக்களைத் தின்று பீரைக் காப்பவை அச்சிலந்திகளே.