தாத்தாவின் அம்பாசிடர் ஷெட்டிலேயே நிற்கிறதா? வீட்டிலேயே இப்படிப் பராமரிக்கலாம்!

"சும்மாதானே நிக்குது... வித்துடலாமா?" பழைய அம்பாசிடர் இருக்கும் வீடுகளில் அடிக்கடி எழும் கேள்வி இது. 1950-களின் பிற்பகுதியில் மேற்கு வங்கத்தின் உத்தர்பாராவில் தொடங்கிய தயாரிப்பு, 2014-ல் நின்றுபோனது. இனி இருப்பதைக் காப்பாற்றினால்தான் உண்டு.

ஓடிக் கெடுவதைவிட, ஓடாமல் கெடுவதுதான் அதிகம். பேட்டரி இறங்கும், பெட்ரோல் கெட்டுப்போகும், பிரேக் இறுகிப் பிடித்துக்கொள்ளும். வாரம் ஒருமுறை இன்ஜின் நன்றாகச் சூடாகும்வரை ஒரு ரவுண்டு ஓட்டுங்கள். நின்ற இடத்திலேயே ஸ்டார்ட் செய்து உடனே அணைத்தால் போதாது.

கிளம்பும் முன் இன்ஜின் ஆயில், ரேடியேட்டர் தண்ணீர், பிரேக் ஆயில் மூன்றையும் பாருங்கள். சூடான இன்ஜினில் ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே கூடாது.

ஸ்டார்ட் ஆகாமல் அடம்பிடிக்கிறதா? பழைய 1489 சிசி பெட்ரோல் இன்ஜின் என்றால், பேட்டரி வயரைக் கழற்றிவிட்டு, டிஸ்ட்ரிபியூட்டரில் இருக்கும் பாயின்ட்டைச் சுத்தம் செய்யுங்கள். அதன் இடைவெளி சுமார் 0.4 மி.மீ. இருக்க வேண்டும்.

முக்கியமான ஒன்று, பெட்ரோல் ஹோஸ். இப்போதைய பெட்ரோலில் 20 சதவிகிதம் வரை எத்தனால் கலக்கப்படுகிறது. பழைய ரப்பர் ஹோஸ் இதைத் தாங்காமல் வெடிப்பு விடலாம். பெட்ரோல் வாடை வந்தால் சாவியைத் தொடாதீர்கள். தீப்பிடிக்கும் ஆபத்து உண்டு. எத்தனால் தாங்கும் ஹோஸுக்கு மாற்றிவிடுங்கள்.

பிரேக் மிதி உள்ளே போனால் வண்டியை நகர்த்தாமல், மெக்கானிக்கை வீட்டுக்கே அழையுங்கள். வெறும் ஜாக்கியை நம்பி அடியில் படுக்காதீர்கள்.

அவர் வேலை செய்யும்போது மகனையோ மகளையோ பக்கத்தில் நிறுத்துங்கள். இந்த வண்டியின் சூட்சுமம் தெரிந்த கைகள் குறைந்துகொண்டே வருகின்றன!